ஏற்காட்டில் சைக்கிளில் இறங்கிப் பழகியவர் ஹலேயாகலா எரிமலையில் வழிகாட்டி இல்லாமல் இறங்கலாமா?

வரும் டிசம்பரில் கணவருடனும் பதினைந்து வயது மகனுடனும் ஹவாயின் மாவி தீவுக்குப் போகவிருப்பதாகவும், அங்கே ஹலேயாகலா எரிமலையின் உச்சியிலிருந்து கடற்கரை வரை வழிகாட்டி இல்லாமல் நீங்களாகவே சைக்கிளில் இறங்கும் பயணத்துக்குப் பதிவு செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சேலத்தில் தினமும் ஸ்கூட்டர் ஓட்டுவதாகவும், மூவருமே ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை சில முறை சைக்கிளில் இறங்கியிருப்பதாகவும் சொல்லி, அந்தப் பழக்கம் போதுமா என்று முடித்திருக்கிறீர்கள். எரிமலை என்பதால் பயப்பட வேண்டுமா என்பதும் ஒரு வரியில் இருக்கிறது. இவற்றில் நடுவில் நிற்கும் கேள்வி ஒன்றுதான்: ஏற்காட்டுப் பழக்கம் அங்கே கைகொடுக்குமா? சரிவைப் பொறுத்தவரை நிச்சயம் கைகொடுக்கும். ஆனால் பிரேக் பிடிக்கும் விரல்களைப் பொறுத்தவரை, அந்தப் பழக்கமேதான் அங்கே உங்களுக்குள்ள முதல் ஆபத்து. அஸ்தம்பட்டிப் பக்கம் சைக்கிள் கடை நடத்துபவன் நான். வார இறுதியில் ஏற்காடு போகிறவர்களின் வண்டிகளுக்கு பிரேக் பார்த்து அனுப்புவதும், புதியவர்களைக் கூட்டிக்கொண்டு இறங்குவதும் பல ஆண்டு வழக்கம். மாவியிலும் இறங்கியிருக்கிறேன். மருத்துவன் அல்லன் என்பதால் உடல்நிலை பற்றி இங்கே சொல்வதைப் பொதுவான எச்சரிக்கையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். நிறுவனங்கள் விற்கும் பயணம் உச்சியிலிருந்து தொடங்குவதில்லை. ஹலேயாகலாவின் உச்சி 10,023 அடி, அதாவது 3,055 மீட்டர். அது தேசியப் பூங்காவின் எல்லைக்குள் இருக்கிறது. 2007ஆம் ஆண்டு பூங்காவுக்குள் நேர்ந்த ஓர் உயிரிழப்பைத் தொடர்ந்து, வணிக நோக்கிலான சைக்கிள் இறக்கப் பயணங்களைப் பூங்கா நிர்வாகம் தன் எல்லைக்குள் நிறுத்திவிட்டது. அன்றிலிருந்து நிறுவனங்கள் பயணிகளை வேனில் ஏற்றிச் சென்று, எல்லைக்கு வெளியே ஏறத்தாழ 6,500 அடி உயரத்தில் சைக்கிளைக் கையில் கொடுக்கின்றன. அங்கிருந்து குலா, மகாவாவ் ஆகிய ஊர்களின் வழியாகக் கடலோரத்துப் பாயியா வரை ஏறத்தாழ 37 கி.மீ. தூரம். விளம்பரத்தில் உச்சியின் சூரிய உதயப் படம் இருந்தால், வேன் உங்களை உச்சிக்குக் கொண்டுபோய் உதயத்தைக் காட்டிவிட்டு மீண்டும் 6,500 அடிக்குக் கீழிறக்கி அங்கே சைக்கிளில் ஏற்றும் என்று பொருள் கொள்ள வேண்டும். உச்சியிலிருந்தே இறங்கியாக வேண்டும் என்றால் சொந்தமாகவோ வாடகைக்கோ சைக்கிள் எடுத்து, உறவினர் யாராவது காரில் மேலே கொண்டுவிட, தனிநபராக இறங்கலாம். அதற்குத் தடை இல்லை. ஆனால் முதல் முறை செல்பவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வழிகாட்டி இல்லாத பயணம் என்பதன் நடைமுறையையும் தெரிந்துகொள்ளுங்கள். வேனில் ஏற்றுவதும், ஹெல்மெட், கையுறை, மழைச்சட்டை தருவதும், பாதுகாப்பு விளக்கம் சொல்வதும் நிறுவனத்தின் பொறுப்பு. சைக்கிள் கைக்கு வந்த பிறகு முன்னால் போகும் வழிகாட்டியும் இல்லை, பின்னால் வரும் வேனும் இல்லை. வழியில் எங்கே நிற்பது, எங்கே சாப்பிடுவது என்பதெல்லாம் உங்கள் விருப்பம். சொன்ன நேரத்துக்குள் சைக்கிளைக் கடையில் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். பஞ்சர் ஆனாலும் கை நடுங்கி மேற்கொண்டு ஓட்ட முடியாவிட்டாலும் தொலைபேசியில் கூப்பிட்டு, சாலையோரம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

இனிச் சரிவுக்கு வருவோம். 6,500 அடி என்பது 1,980 மீட்டர். அதை 37 கி.மீ. தூரத்தில் இறங்கினால் சராசரிச் சரிவு 5 விழுக்காட்டை ஒட்டி வருகிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து அடிவாரம் வரை 20 கி.மீ. அளவுக்குள் 1,100 மீட்டர் போல இறங்குகிறோம். இதுவும் அதே 5 விழுக்காட்டுப் பக்கம்தான். ஆகவே எரிமலை என்ற பெயரைக் கேட்டுச் செங்குத்தான பாதையைக் கற்பனை செய்துகொள்ள வேண்டியதில்லை. குப்பனூர் வழியாக இறங்கியிருந்தால் அதைவிட முரட்டுத்தனமான சரிவையே பார்த்திருப்பீர்கள். வேறுபாடு வளைவுகளின் குணத்தில் இருக்கிறது. நம் மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளும், அவற்றில் திரும்பும் பேருந்துகளும், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் உங்களை நிதானப்படுத்திவிடும். ஹலேயாகலாவில் மேல்பகுதியில் மடக்கு வளைவுகள் உண்டு என்றாலும், வளைவுகள் அகலமானவை, பார்வைக்கு எட்டும் தூரம் அதிகம், தார் வழுவழுப்பாக இருக்கும், கீழே மேகமும் அதற்கும் கீழே கடலும் தெரியும். அங்கே வேகத்தைக் குறைக்கச் சாலை உங்களுக்கு உதவாது. மிதிக்காமல் விட்டாலே வேகம் 40 கி.மீ.யைத் தொடும், சற்றுச் செங்குத்தான இடங்களில் 50ஐயும் தாண்டும்.

அந்த வேகத்தில் நிற்க எவ்வளவு தூரம் ஆகும் என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டுவது என் வழக்கம், ஏனெனில் வாயால் சொல்லும் எச்சரிக்கை பதின்ம வயதினர் காதில் ஏறுவதில்லை. உலர்ந்த தார், நல்ல பிரேக், 5 விழுக்காடு இறக்கம், கண்டதும் கை இயங்க ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால், 30 கி.மீ. வேகத்தில் நிற்க ஏறத்தாழ 18 மீட்டர் ஆகிறது, 40 கி.மீ. என்றால் 29 மீட்டர்; 50 கி.மீ. என்றால் 41 மீட்டர். இது நடுத்தரத் திறமை உள்ளவருக்கான தோராயக் கணக்கு. ஈரச் சாலையில் இன்னும் நீளும். வேகம் 20 கி.மீ. கூடியதற்குத் தூரம் இரு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது என்பதை மகனுக்குக் காட்டுங்கள். முடிந்தால் வீட்டுத் தெருவில் 18 மீட்டரையும் 41 மீட்டரையும் சுண்ணாம்பால் கோடு போட்டு, நடந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்துச் சொல்வதுதான் இந்தப் பதிலிலேயே முக்கியமானது. சேலத்தில் நீங்கள் ஓட்டும் ஸ்கூட்டரில் வலக்கை பிரேக் முன்சக்கரத்துக்கும், இடக்கை பிரேக் பின்சக்கரத்துக்கும் போகிறது. நம் ஊர்ச் சைக்கிள்களிலும் பெரும்பாலும் அதே ஏற்பாடுதான். அமெரிக்காவில் இது அப்படியே தலைகீழ்: இடக்கை முன்சக்கரம், வலக்கை பின்சக்கரம். பிரேக் பிடிக்கும்போது உடலின் எடை முன்னால் சாய்வதால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன்சக்கரமே செய்கிறது. இறக்கத்தில் அந்தப் பங்கு இன்னும் கூடுகிறது. அந்த முன்பிரேக்கை அளந்து அழுத்துபவர் சீக்கிரம் நிற்பார். பதற்றத்தில் முழு பலத்தோடு பிடித்தால் பின்சக்கரம் தூக்கி, ஹேண்டில்பாரைத் தாண்டி முன்னால் விழுவார். ஸ்கூட்டர் ஓட்டுபவரின் இடக்கைக்கு அளந்து பிடிக்கும் பழக்கமே கிடையாது. இந்தியாவில் 2019 முதல் 125 சிசி வரையிலான புதிய வண்டிகளுக்கு இணைந்த பிரேக் கட்டாயமாகி, ஸ்கூட்டரில் இடக்கையைப் பிடித்தாலே இரண்டு சக்கரமும் பிடிக்கும்படி செய்துவிட்டதால், பலருக்கு இன்று அவசரம் என்றதும் இடக்கைதான் முதலில், அதுவும் முழுவதுமாக, மூடுகிறது. அதே கையோடு மாவியில் ஓர் அமெரிக்கச் சைக்கிளில் ஏறி, வளைவுக்கு அப்பால் திடீரென்று ஒரு கார் நிற்பதைப் பார்த்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இதற்குத் தீர்வு இருக்கிறது. ஆனால் அது புறப்படுவதற்கு முன்பே சேலத்தில் செய்ய வேண்டியது. முதலில் உங்கள் சைக்கிள் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வெளிநாட்டு நிறுவனங்களின் கியர் சைக்கிள்கள் சில அமெரிக்க முறையிலேயே இங்கு வந்துவிடுகின்றன. முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிவிட்டு, எந்தக் கையைப் பிடித்தால் நிற்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். நம் ஊர் முறையில் இருந்து, கேபிள் பிரேக்காகவும் இருந்தால், பழக்கமான எந்தக் கடையிலும் இரண்டு கேபிள்களையும் இடம் மாற்றித் தருவார்கள். பெரிய வேலை அன்று. ஹைட்ராலிக் பிரேக் என்றால் குழாயைக் கழற்றி எண்ணெய் மாற்ற வேண்டிவரும், அதற்காகச் செலவழிக்க வேண்டாம்; யாரிடமாவது கேபிள் பிரேக் சைக்கிள் ஒன்றை இரவல் வாங்கி அதை மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றியதும் இடக்கை லீவரில் சிவப்பு டேப் சுற்றி வையுங்கள், வீட்டில் மற்றவர்கள் தெரியாமல் எடுத்து ஓட்டிவிடக் கூடாது. பிறகு சமதளத்தில், விளையாட்டு மைதானம் மாதிரி வண்டி நடமாட்டம் இல்லாத இடத்தில், மெதுவான வேகத்திலிருந்து நிற்கப் பழகுங்கள்: இடக்கையில் இரண்டு விரல் மட்டும், இடுப்பைச் சற்றுப் பின்னால் தள்ளி, அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டி. ஒரு மாதமாவது இப்படிப் பழகாமல் அந்தச் சைக்கிளை ஏற்காட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். ஸ்கூட்டரில் பழைய பழக்கமும் சைக்கிளில் புதிய பழக்கமும் ஒன்றோடொன்று மோதுமா என்று கேட்பீர்கள். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்கிறார்கள், சிலரால் முடியவில்லை. நீங்கள் எந்தப் பக்கம் என்பது பழகிப் பார்த்தால்தான் தெரியும், முடியாவிட்டால் வழிகாட்டியோடு மெதுவாகப் போகும் பயணமே உங்களுக்கு ஏற்றது.

பிரேக்கின் சூடு பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்றால், 1,980 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஐந்து லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் பிரேக்கில் இறங்கும். திங்கட்கிழமை காலையில் என் கடைக்கு வரும் பிரேக் கட்டைகளைப் பார்த்தாலே முந்தின நாள் ஒருவர் எப்படி இறங்கினார் என்று சொல்லிவிடலாம். வழி முழுக்க விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே வந்தவரின் கட்டை கண்ணாடிபோல் பளபளத்து, நகத்தால் கீறினால் கீறல் விழாத அளவுக்கு இறுகியிருக்கும். அதற்குப் பிறகு எவ்வளவு அழுத்தினாலும் அது ரிம்மைப் பிடிக்காது. விட்டுவிட்டுப் பிடித்தவரின் கட்டை தேய்ந்திருக்கும், ஆனால் சொரசொரப்பாக, மங்கலாக இருக்கும். வளைவுக்கு முன்பாகவே நேர்ப்பாதையில் இரண்டு பிரேக்கையும் உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் நுழையும்போது விட்டுவிட்டு, வெளிப்பக்கக் காலைக் கீழே அழுத்தி, வளைவு முடியும் இடத்தைப் பார்த்துக்கொண்டே திரும்புவதுதான் முறை. மாவியில் வாடகைக்குத் தரும் சைக்கிள்கள் இந்த வேலைக்கென்றே பராமரிக்கப்படுபவை என்பதால் பிரேக் செத்துப்போகும் அபாயம் நம் ஊரைவிடக் குறைவு. ஆனால் 37 கி.மீ. முழுக்கப் பிடித்துக்கொண்டே வந்தால் கட்டைக்கு முன்னால் உங்கள் முன்கைகள் சோர்ந்துவிடும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓரமாக நின்று விரல்களை விரித்து மடக்குங்கள். பின்னால் வரும் கார்களுக்கு வழிவிட்டதாகவும் ஆகும்.

சாலையின் வலப்பக்கம் ஓட்டுவது எல்லாருக்கும் நினைவிருக்கும் விஷயம். மலை இறங்கும்போது அதில் பெரிய சிக்கல் வராது, மற்ற வண்டிகளைப் பார்த்தே சரியாகப் போய்விடுவோம். தவறுவது நின்று மீண்டும் கிளம்பும் இடத்தில். படம் எடுக்க நிறுத்திவிட்டு, வெறிச்சோடிய சாலையில் ஏறும்போது கை தானாக இடப்பக்கத்துக்குத் திருப்பும். மகாவாவ் சந்திப்பில் திரும்பும்போதும் அப்படியே. ஆகவே நிறுத்துவது எப்போதும் வலப்பக்க ஓரத்தில், தாருக்கு முழுவதும் வெளியே. கிளம்பும் முன் பின்னால் வருபவர் “வலது” என்று சத்தமாகச் சொல்வது என்று மூவரும் ஓர் ஒப்பந்தம் வைத்துக்கொள்ளுங்கள். கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருந்தாலும் பலன் தரும்.

சாலையில் நம் ஊரில் இல்லாத ஒன்று, மாடு தாண்டாமல் இருக்கச் சாலைக்குக் குறுக்கே பதித்த இரும்புக் கம்பி வரிசை. மலையின் நடுப்பகுதி மேய்ச்சல் நிலம் என்பதால் இவை சாலையிலேயே வரும். கம்பிகளுக்கு இடையே இடைவெளி இருக்கும். பனியிலோ தூறலிலோ கம்பி வழுக்கும். அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, அதன்மேல் ஏறும்போது பிரேக்கைத் தொடாமல், ஹேண்டிலைத் திருப்பாமல், நேர்கோட்டில் கடக்க வேண்டும். சற்றே சாய்வாகப் போனாலும் முன்சக்கரம் விலகிவிடும். பூங்காப் பகுதியில் நேனே என்னும் வாத்தினப் பறவை சாலையில் அசையாமல் நிற்பதும் உண்டு. ஹவாயின் மாநிலப் பறவையான அது வண்டியில் அடிபட்டுச் சாவது அங்கே நெடுநாள் கவலை. யூக்கலிப்டஸ் தோப்புகளின் நிழலிலிருந்து வெளியே வரும் இடங்களில் பக்கக் காற்று திடீரென்று தள்ளும். அப்போது ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பதைவிட, முழங்கால்களால் சைக்கிளின் சட்டத்தை (ஃபிரேமை) அணைத்துக்கொள்வது வண்டியை நிதானப்படுத்தும்.

வானிலையில் நிச்சயமாகச் சொல்லக்கூடியது, குளிரும் என்பது; சொல்ல முடியாதது, அன்றைக்கு மேகம் எங்கே நிற்கும் என்பது. டிசம்பர் ஹவாயின் மழைக்காலத்துக்குள் வருகிறது. உச்சியில் வெப்பநிலை உறைநிலையை ஒட்டி இறங்கும், சில ஆண்டுகளில் பனியே விழுந்திருக்கிறது. மலையின் இடைப்பகுதியில் மேக அடுக்கு படிவது வழக்கம், நீங்கள் இறங்குவது அதன் ஊடேதான். ஏற்காட்டில் மார்கழிக் காலையில் எதிரே வரும் பேருந்தின் விளக்கு மட்டும் தெரியுமே, அந்த அளவுக்கு அங்கேயும் மூடலாம். வெப்பநிலை 5 டிகிரியாக இருந்தாலும் 30 கி.மீ. வேகத்தில் முகத்தில் அடிக்கும் காற்றுக்கு அது 0 டிகிரிபோல உறைக்கும். சேலத்திலிருந்து எடுத்துப்போகும் ஸ்வெட்டர் மட்டும் போதாது. மேலே காற்றுப் புகாத சட்டையும், விரல் முழுக்க மூடும் கையுறையும் கட்டாயம், ஏனெனில் விறைத்த விரல் பிரேக்கை அளந்து பிடிக்காது. கீழே இறங்க இறங்க வெயில் ஏறும். மேல்சட்டையைக் கழற்றி வைக்க ஒரு சிறு முதுகுப்பை வேண்டும்.

சூரிய உதயப் பயணமா, அதற்குப் பிந்தைய காலைப் பயணமா என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. உதயத்துக்குப் போவோரை விடுதியிலிருந்து அதிகாலை இரண்டு, மூன்று மணிக்கே அழைத்துச் செல்வார்கள். தூக்கம் கெட்ட உடலோடு மலை இறங்குவதில் எந்தப் பெருமையும் இல்லை. நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது: ஹவாய் நேரம் நம்மைவிடப் பதினைந்தரை மணி நேரம் பின்னால். அங்கே காலை 9 மணிக்கு நீங்கள் சைக்கிளில் ஏறும்போது சேலத்தில் நள்ளிரவு தாண்டி 12.30, உங்கள் உடம்பு இன்னும் சேலத்து நேரத்தில்தான் இருக்கும். போய் இறங்கிய முதல் சில நாள்களில் இந்தப் பயணத்தை வைக்காதீர்கள், அங்கே தங்கும் நாள்களின் கடைசிக்குத் தள்ளுங்கள். உதயத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் அதை வேறொரு நாளில் காரில் போய்ப் பாருங்கள். 2017 முதல், அதிகாலை 3 மணியிலிருந்து 7 மணிக்குள் பூங்காவுக்குள் நுழையும் காருக்கு முன்பதிவு கட்டாயம், அது வேகமாகத் தீர்ந்துவிடும். குடும்பத்தில் யாராவது ஸ்கூபா மூழ்குதலுக்குப் போனால், அதற்குப் பிறகு 24 மணி நேரத்துக்கு இந்த மலையில் ஏறக் கூடாது. ஆழத்தில் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், உயரத்தில் அழுத்தம் குறையும்போது குமிழியாக மாறக்கூடும். இதய நோயோ ஆஸ்துமாவோ இருப்பவர்கள் புறப்படும் முன் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வழிகாட்டியோடு போவதா, தனியாகப் போவதா என்பதில் பலர் வழிகாட்டியோடு போவதே பாதுகாப்பு என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். நான் அதை முழுமையாக ஏற்கவில்லை. கூட்டமாக வரிசையில் இறங்கும்போது வேகத்தை முன்னால் போகிறவர் தீர்மானிக்கிறார். வளைவில் ஒருவர் பிரேக் பிடித்தால் பின்னால் வருகிறவர்கள் நெருங்கி முட்டிக்கொள்ளும் நிலை வருகிறது. மெதுவாகப் போக விரும்புபவர் வெட்கப்பட்டு வேகம் கூட்டுகிறார். தனியாகப் போனால் இந்த நெருக்கடி இல்லை, விரும்பிய இடத்தில் நிற்கலாம். ஆனால் பின்னால் வேன் இல்லை, வேகத்தைக் கண்டிக்க ஆளும் இல்லை. உங்களையும் உங்கள் கணவரையும் பொறுத்தவரை, பிரேக் பயிற்சியை முடித்திருந்தால் வழிகாட்டி இல்லாத பயணமே மேல் என்பேன். தயக்கம் உங்கள் மகனைப் பற்றியது. அவன் திறமைசாலியாகவே இருக்கலாம். நேரில் பார்க்காமல் நான் எதுவும் சொல்ல முடியாது. பதினைந்து வயதில் சைக்கிள் ஓட்டத் தெரிவது ஒன்று, ஓட்டாமல் அடக்கிக்கொள்ளத் தெரிவது இன்னொன்று. ஏற்காட்டில் இதைச் சோதித்துப் பார்க்கலாம்: கணவர் முன்னால், மகன் நடுவில், நீங்கள் பின்னால், இடையில் குறைந்தது 30 மீட்டர். வழி முழுக்க முன்னால் போகிறவரை அவன் முந்தாமலும் நெருங்காமலும் வந்தால் மாவியிலும் அதே வரிசையில் இறங்குங்கள். ஒன்பதாவது வளைவிலேயே அவன் அப்பாவின் பின்சக்கரத்தை ஒட்டி வந்துவிட்டால் வழிகாட்டியோடு போகும் பயணத்துக்குப் பணம் கட்டிவிடுங்கள். வீட்டில் சண்டை வராமல் இருக்க, இந்த நிபந்தனையை இறங்குவதற்கு முன்பே அவனிடம் சொல்லிவிடுவது நல்லது.

எரிமலை பற்றிய அச்சத்துக்குச் சுருக்கமான பதிலே போதும். ஹலேயாகலா கடைசியாக வெடித்தது 1480க்கும் 1600க்கும் இடைப்பட்ட காலத்தில் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அது அணைந்துபோன எரிமலை அன்று என்றாலும் கண்காணிப்பில் இருக்கிறது. செய்திகளில் நெருப்புக் குழம்போடு வரும் கிலாவேயா வேறொரு தீவில் உள்ளது. தெற்கிலிருந்து காற்று வீசும் நாள்களில் அதன் கந்தகப் புகைமூட்டம் மாவி வரை வரலாம், ஆஸ்துமா உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது அதை மட்டுமே. உச்சியில் எல்லாரும் எரிமலை வாய் என்று படமெடுக்கும் அந்தப் பெரும்பள்ளம்கூட, மழைநீர் அரித்து உண்டாக்கிய இரண்டு பள்ளத்தாக்குகள் சேர்ந்து உருவானதுதான். நம் சேர்வராயன் மலையும் ஒரு காலத்தில் எரிமலைதான் என்று சேலத்தில் சிலர் சொல்வதுண்டு, அது சரியன்று. நாம் இறங்கும் மலை, பூமியின் ஆழத்தில் உருமாறி மேலெழுந்த, ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுள்ள சார்னோகைட் பாறை. ஹலேயாகலாவின் வயதோ பத்து, இருபது லட்சம் ஆண்டுகள் என்ற அளவில்தான். சைக்கிளுக்கு இதனால் உள்ள வேறுபாடு ஒன்றே ஒன்றுதான்: உச்சிப் பகுதியில் சாலையோரம் கிடப்பது கூர்மையான, உருளும் எரிமலைச் சரளை. தாரை விட்டு இறங்கும்போது வேகம் இருக்கக் கூடாது.

இங்கே பயிற்சிக்கு வார நாளில், விடிந்து நன்றாக வெளிச்சம் வந்த பிறகு கிளம்புங்கள். ஞாயிற்றுக்கிழமை சுற்றுலா வண்டிகளுக்கு நடுவே எதையும் கற்றுக்கொள்ள முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரச் சாலைப் பழக்கம் கிடைக்கும்தான், ஆனால் மண் சரிந்து பாறை உருளும் காலமும் அதுவே. கனமழைக்கு மறுநாள் மலைப்பாதைக்கே போக வேண்டாம், சமதளத்தில் ஈரச் சாலை கிடைத்தால் போதும். முழு இறக்கத்தையும் ஒரே மூச்சில் முடிக்கும் பழக்கத்தையும் விடுங்கள். மாவியில் உங்களுக்குத் தேவைப்படுவது அடிக்கடி நின்று கிளம்பும் பழக்கம். அதை இங்கேயே நான்கு வளைவுக்கு ஒரு முறை நின்று பழகிக்கொள்ளலாம்.

பதிவு செய்வதற்கு முன் இரண்டு காகிதங்களைப் படித்துவிடுங்கள். ஒன்று உங்கள் பயணக் காப்பீடு: பல காப்பீடுகள் சாகச விளையாட்டுகளைத் தனி விதியில் விலக்கி வைத்திருக்கும், மலை இறக்க சைக்கிள் பயணம் அதற்குள் வருமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள், அமெரிக்காவில் ஓர் எலும்பு முறிவுக்கு ஆகும் மருத்துவச் செலவு பயணச் செலவு முழுவதையும் தாண்டிவிடும். மற்றது சைக்கிள் நிறுவனம் கையெழுத்து வாங்கும் பொறுப்புத் துறப்புப் படிவம். மகனுக்காக நீங்கள்தான் கையெழுத்திட வேண்டும். வயது, உயரம், எடை ஆகியவற்றுக்கு ஒவ்வொரு நிறுவனமும் தனி வரம்பு வைத்திருக்கிறது, கர்ப்பிணிகளை ஏற்பதில்லை. உயரத்தைக் கேட்கும் கட்டத்தில் பழைய பள்ளி அட்டையில் இருக்கும் அளவை எழுதிவிடாமல், மூவரையும் சுவரோரம் நிறுத்தி அன்றைக்கே அளந்து எழுதுங்கள். உங்களுக்கு எடுத்து வைக்கும் சைக்கிளின் சட்ட அளவை அந்த எண்ணை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். சட்டம் பெரிதாக இருந்தால் பிரேக் லீவர் விரலுக்கு எட்டாத தூரத்தில் நிற்கும். எட்டவில்லை என்றால் லீவரை உள்ளே நகர்த்தித் தரும்படி வேனில் ஏறுவதற்கு முன்பே கடையில் கேளுங்கள், அதற்கு ஒரு சிறு திருகாணியைத் திருப்பினால் போதும்.